மோந்தானுக்கு இடமில்லை

‘லெ கோரிஸ்த்’ படத்தில் கோர்பான் வரும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்குப் புதிதாக வந்த கண்காணிப்பாளர் கிளெமான் மாத்யூ, பையன்களை ஒவ்வொருவராகப் பாடவைத்துக் குரல் பார்க்கிறார். கோர்பானுக்குச் சுருதியே நிற்கவில்லை. அவனைப் போகச் சொல்லாமல், இசைத்தாளைப் பிடித்துக்கொண்டு தன் முன்னால் நிற்கும் வேலையைக் கொடுக்கிறார். ஒரு பாட்டும் தெரியாத பொடியன் பெப்பினோ அவருக்கு உதவியாளன் ஆகிறான். பாட வராதவனுக்கும் கூட்டுப்பாட்டில் இடம் உண்டு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுவே இயக்குநர் கிறிஸ்தோஃப் பராத்தியேயின் பெரிய வெற்றி.

2004இல் வந்த பிரெஞ்சுப் படம் இது. பிரான்சில் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கதை 1949இல், அடங்காத பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றில் நடக்கிறது. பள்ளியின் பெயருக்கே ‘குளத்தின் அடி’ என்று பொருள். தப்புக்கு உடனுக்குடன் தண்டனை என்பதைத் தவிரத் தலைமையாசிரியர் ராஷானுக்கு வேறு வழி தெரியாது.

அங்கே பாட்டு வந்ததும் எல்லாம் வேகமாக மாறிவிடுகிறது. எனக்கு உறுத்துவது அந்த வேகம். நாம் கேட்பது லியோன் நகரத்து சான் மார்க் சிறுவர் பாடகர் குழுவின் குரல்கள். மாணவன் மொராஞ்ஜாக நடித்த ழான் பாப்திஸ்த் மோனியேயும் அந்தக் குழுவின் தனிக்குரல் பாடகர்தான். ஆண்டுக்கணக்கில் பழகிய குரல்களைப் புருனோ கூலேயின் இசையில் கேட்கும்போது யாருக்குத்தான் மனம் கரையாது? ஆனால் தேவாலயப் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடியவள் நான். நாலு வரியைச் சரிசெய்ய மூன்று சனிக்கிழமை போகும். பக்கத்தில் மேல்குரலான சோப்ரானோ ஓங்கினால் நம் குரலும் நம்மை அறியாமல் அதன் பின்னால் போய்விடும். அடுத்தவரைக் காதில் வாங்கிக்கொண்டே நம் சுருதியில் நிற்கப் பழகுவதுதான் மனிதரை மாற்றுகிறது. படம் அந்த உழைப்பைச் சில நிமிடங்களில் கடந்து, பழுத்த ஒலிக்குப் போய்விடுகிறது.

பிறகு மெல்ல மெல்ல அது மொராஞ்ஜின் கதையாகிறது. தொடக்கத்திலேயே வயதான மொராஞ்ஜை உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநராகக் காட்டிவிடுகிறார்கள். மற்றப் பையன்கள் பின்பாட்டு ஆகிவிடுகிறார்கள். இருந்தும், விருந்தினர் முன் இசையமைப்பாளர் ரமோவின் பாட்டைப் பாடும் காட்சியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். முந்தைய குறும்புக்குத் தண்டனையாகத் தனிக்குரலை இழந்த மொராஞ்ஜ் தூண் ஓரமாக ஒதுங்கி நிற்கிறான். பாட்டு நடுவே மாத்யூ அவன் பக்கம் திரும்பிக் கையை நீட்டுகிறார். அவன் பாடத் தொடங்குகிறான். மன்னிப்பு கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கை ஒன்று நீண்டது, அவ்வளவுதான்.

அந்தக் கை மோந்தானுக்கு நீளவில்லை. உளவியல் நிபுணர் ஒருவர் கொண்டுவந்து விட்ட முரட்டுப் பையன் அவன். அவனிடம் கனத்த குரலைக் கண்டு மாத்யூ மகிழ்ந்துபோகிறார். பிறகு பள்ளிப் பணம் காணாமல் போக, பழி மோந்தான் மேல் விழுகிறது, அடிபட்டு வெளியேற்றப்படுகிறான். பணத்தை எடுத்தவன் கோர்பான் என்று பின்னால் தெரிந்தும் மோந்தான் திரும்பி வருவதில்லை. பள்ளி எரியும்போது மட்டும் தூரத்தில் நின்று பார்க்கிறான். பாட்டு தொட முடியாத ஒருவனைப் படம் மறைக்காமல் காட்டியிருப்பது துணிச்சல்தான். ஆனால் காட்டிவிட்டு, அவனைத் தீயோடு விட்டுவிட்டுத் தன் இனிமைக்குத் திரும்பிவிடுகிறது.

மாத்யூ வேலை போய்க் கிளம்பும்போது, பூட்டிய அறையின் ஜன்னலிலிருந்து காகித விமானங்கள் பறந்து வருகின்றன. கடைசியில் பெப்பினோவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார். பெப்பினோவைப் போன்ற பிள்ளையை யாரும் கூட்டிப்போவார்கள். மோந்தானைத் தேடிப் போகும் பஸ் ஒன்றைப் படம் காட்டியிருந்தால், கோர்பானின் கையில் இசைத்தாளைக் கொடுத்த அந்த மனசை நான் முழுசாக நம்பியிருப்பேன்.