ரிங் இல்லாத பீம்: அட்டவணை 19 கேட்காத கேள்வி

ஐஎஸ் 456:2000-இன் அட்டவணை 19-ஐ எடுத்துக்குங்க. எம்25 கான்கிரீட், இழுவிசைக் கம்பி 0.5 சதவீதம் என்றால், ரிங் கம்பி இல்லாமலே கான்கிரீட் தாங்கக்கூடிய ஷியர் தகைவு 0.49 மெகாபாஸ்கல். ஆழம் 30 செ.மீ.யா, 1 மீட்டரா? அட்டவணை கேட்கவே இல்லை. என் விமர்சனம் அதுதான்.

ரிங் இல்லாத பீமில் சாய்ந்த விரிசல் விழுந்தபின், அதன் இரு முகங்களும் சொரசொரப்பால் ஒன்றையொன்று பிடிச்சுக்கிட்டுத்தான் ஷியரில் பெரும்பங்கைக் கடத்துது. ஆழம் கூடினா விரிசல் அகலமாகும். ஜல்லியோ அதே 20 மி.மீ. அப்போ பிடி தளரும்.

1955-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், ஷெல்பி ஊரில் விமானப்படைக் கிடங்கின் கூரை இடிந்தது. பீமின் ஆழம் 914 மி.மீ.; உடைந்த இடத்தில் ரிங் இல்லை. உடைந்தபோது தகைவு சுமார் 0.5 மெகாபாஸ்கல்தான். மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து சோதித்தால் சுமார் 1 மெகாபாஸ்கல் வரை தாங்கியது. நீளவாக்கில் இழுவிசையும் கொடுத்தபோது வலிமை பாதியானது. ஆக, கான்கிரீட் சுருங்கியதால் வந்த இழுவிசை மேல் பழி விழுந்தது. அதுவும் ஒரு காரணம்தான். ஆனா ஆழத்தால் வரும் இழப்பை 30 செ.மீ. மாதிரி எப்படிக் காட்டும்? 1967-இல் டொராண்டோவில் கானி சுமார் 15 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை ஆழமுள்ள பீம்களை உடைத்துப் பார்த்து, ஆழம் கூடக்கூடத் தகைவு குறையுதுன்னு காட்டினார்.

அமெரிக்க விதிநூல் ஏசிஐ 318, 2019 பதிப்பில் இதை ஏற்றது. குறைந்தபட்ச ரிங்கும் இல்லாத உறுப்பில் ஆழம் 1 மீட்டர்னா 0.63-ஆல் பெருக்கணும். ஆழமற்ற அடித்தளங்களுக்கு மட்டும் இதை விட்டுவிட அனுமதி உண்டு.

நம்ம விதிநூலுக்கு இது தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஸ்லாப் 150 மி.மீ. அல்லது அதைவிட மெல்லியதுன்னா 1.3 மடங்கு தருது, 300 மி.மீ.க்கு வரும்போது அதை 1-ஆக இறக்கிடுது. அதோட கோடு நின்னுடுது. மெல்லியதுக்குச் சலுகை உண்டு, தடித்ததுக்குக் கழிவு இல்லை!

"பீமில் குறைந்தபட்ச ரிங் போடத்தானே விதி சொல்லுது?" நியாயம்தான், ரிங் இருந்தா இந்தப் பிரச்சினை பெரும்பாலும் அடங்கிடும். ஆனா தடித்த ஸ்லாபில் பலர் ரிங் போடறதில்லை. அங்கே 0.49-ஐ அப்படியே எடுக்காதீங்க; ஒன்று குறைத்து எடுங்க, இல்லைன்னா ரிங் போடுங்க.