சால்னாவும் விமரிசனமும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். தூத்துக்குடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, நம்ம சாயர்புரத்துப் புரோட்டாக் கடை இருக்கா?" என்பதுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டது அதற்கு அப்புறம்.

அவன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கடையின் பெருமையை அவனுக்குக் கற்பித்தவனே நான்தான்.

அங்கே அவன் குடியிருக்கும் தெருமுனையில் மெக்ஸிகோ தேசத்துக்காரர் ஒருவர் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறாராம். வாரத்தில் இரண்டு இரவு இவனுக்கு அங்கேதான் சாப்பாடு. உள்ளங்கை அகலத்தில் மக்காச்சோள ரொட்டி. அதன்மேல் கல்லில் வாட்டிய இறைச்சி. பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்துமல்லித் தழை. மேலே பிழிந்துகொள்ள எலுமிச்சை. பக்கத்தில் மிளகாய்ச் சாந்து. கையால்தான் சாப்பிட வேண்டும். ஆள் உள்ளே நுழைந்ததுமே கடைக்காரர் அவனுக்கு வேண்டியதைக் கல்லில் போட்டுவிடுவாராம். "அப்படியே நம்ம ஊர்க் கடை மாதிரி மாமா. சால்னாதான் கிடையாது" என்றான்.

யோசித்துப் பார்த்தால், இந்த ஒற்றுமையில் அதிசயம் ஒன்றும் இல்லை. மெக்ஸிகோக்காரர் நமக்கு ஒரு வகையில் சம்பந்தி. மிளகாய்க்கும் தக்காளிக்கும் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம். அவற்றைப் பயிராக்கி ஆளாக்கியதில் மெக்ஸிகோவுக்குப் பெரும் பங்கு உண்டு. 'தக்காளி'யைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அந்த நாட்டுப் பழங்குடி மொழியிலிருந்து வந்ததுதான். அந்தச் சரக்குகளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 16-ம் நூற்றாண்டில் அவர்கள் நம் முத்துக்குளித்துறையில் காலூன்றியிருந்தார்கள். அதற்கு முன்னால் நம்மவர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்ததற்கு மிளகைப் போலக் காரமான காய் என்று பெயர் வைத்து, வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். இன்று மிளகாய் இல்லாத தமிழன் வீட்டை நினைத்துப் பார்க்க முடியுமா? வந்தவள் மருமகளாகி, மருமகள் மாமியாராகி, இப்போது அவளை வைத்துத்தான் குடும்பமே நடக்கிறது.

இந்தத் தெருமுனைக் கடைகளின் பண்டங்களை என்ன ஜாதியில் சேர்ப்பது என்று பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கதைகளும் உண்டு. அமெரிக்காவில் போர்ட் வெய்ன் என்ற ஊரில், சாண்ட்விச் கடைதான் வைக்கலாம் என்று நிபந்தனை இருந்த இடத்தில் மெக்ஸிகோ ரொட்டிக் கடை வரலாமா என்று வழக்கு நடந்தது. டாக்கோவும் ஒரு வகைச் சாண்ட்விச்தான் என்று 2024-ல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். நம் நாட்டில் 2020-ல், பொட்டலத்தில் அடைத்து விற்கும் புரோட்டா ரொட்டி வகையில் சேராது, ஆகவே அதற்கு 18 சதவிகிதம் வரி என்று கர்நாடகத்தில் முன்தீர்ப்பு வழங்கும் அதிகாரிகள் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் அந்த வரியே எடுபட்டுப் போயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு நம் இலக்கிய விமரிசகர்களின் ஞாபகம் வந்தது. ஒரு கதை வெளிவந்தால் இது சிறுகதையா, குறுநாவலா, நடைச்சித்திரமா என்று ஆறு பக்கம் எழுதுவார்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். முன்னதற்குப் படிப்புப் போதும். பின்னதற்குத் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல் எனக்கும் இல்லாமல் போன கதையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகை உண்டு. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நாலு மேஜை. வாசலில் புரோட்டாக் கல். மத்தியானமே மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, உருண்டை பிடித்து, ஈரத் துணி போட்டு மூடி வைத்துவிடுவார்கள். சாயந்திரம் மாஸ்டர் ஒவ்வொரு உருண்டையாக எடுத்து, எண்ணெய்ப் பலகையில் பரத்தி, வீசி அடித்து, மறுபக்கம் தெரியும்படி மெல்லிசாக்கி, புடவைக் கொசுவம் போல மடித்துச் சுருட்டி வைப்பார். பிறகு உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போடுவது. வெந்த புரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பாரே, அந்தச் சத்தம் கேட்டால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவனுக்கும் பசிக்கும். அந்த அடியில்தான் இழை பிரிகிறது. அடிக்கச் சோம்பல்பட்ட கடையில் புரோட்டா பலகை மாதிரி இருக்கும்.

ஆனால் புரோட்டா என்பது பாதிக் கடைதான். மீதிப் பாதி சால்னா. வாழை இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்படி சால்னாவை ஊற்ற வேண்டும். வெங்காயம், தக்காளி, தேங்காய், சோம்பு, கசகசா, பட்டை, மிளகாய், மல்லி எல்லாம் எல்லாக் கடையிலும் இருப்பவைதான். இதைத் தொட்டேன், அதைத் தொட்டேன் என்று தனித்தனியாக நாக்குக்குத் தெரியக்கூடாது. அதுதான் சால்னாவுக்கு இலக்கணம். நல்ல வசனத்துக்கும் அதுதான் இலக்கணம் என்று நினைக்கிறேன். இந்தக் கடைச் சால்னா அப்படி இருந்தது. 2018-ல் ஒரு பத்திரிகையில் அதைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கடைக்காரர் அந்தப் பக்கங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டிவிட்டார்.

மருமகனை அழைத்துக்கொண்டு போன அன்று கடையில் கூட்டம் குறைவு. பையன் பழைய நாளில் ஆறு புரோட்டா சாப்பிடுவான். அன்று இரண்டோடு கையைக் கழுவிவிட்டான். "என்ன மாப்ளே, அமெரிக்கா போயி வயிறு சுருங்கிட்டா?" என்று கடைக்காரர் கேட்டார். "இல்ல மாமா, நல்லா இருந்துச்சு" என்றான். தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மாமா, இது அந்தச் சால்னா இல்ல" என்றான்.

எனக்குத் தெரியாதா? மூன்று வருஷமாகத் தெரியும். ஒரு நாள் சோம்பு தூக்கல். ஒரு நாள் உப்பு இல்லை. ஒரு நாள் தேங்காய் பச்சை வாடை அடிக்கும். வாரத்துக்கு ஒரு தரம் போவேன்; என் எழுத்துக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிடுவேன்; "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வருவேன். அந்தக் கண்ணாடிச் சட்டத்தை நம்பி வெளியூர்க்காரர்களும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். நான் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு மறுநாள் கடைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். மகன் தூத்துக்குடியில் ஒரு கிளை போடப் போகிறானாம். வீட்டில் இருக்கும் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுகிறார்கள். "தெறப்பு அன்னிக்கு நீங்க பழையபடி ரெண்டு பக்கம் எழுதித் தரணும் தம்பி" என்றார். சரி என்றும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன். இரவு தூக்கம் வரவில்லை. சால்னா எப்படி இருந்தால் என்ன என்று இருந்துவிடலாம். அடகுக் கடைக்குப் போகும் நகை அப்படி விடக்கூடியது அல்லவே.

அடுத்த நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. பின்கட்டில் சால்னா கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லுங்க தம்பி."

"சால்னா பழைய மாதிரி இல்ல."

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூடியைப் போட்டார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமாத் தெரிஞ்சுமா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனிய?"

எனக்குப் பதில் இல்லை. அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். 2021-ல் கொரோனா வந்து பிழைத்தார் அல்லவா? காய்ச்சல் போயிற்று, போன வாசனை திரும்பி வரவில்லை. "கருவாடு கருகினாக்கூட எனக்குத் தெரியாது தம்பி. உப்பும் புளிப்பும் ஏதோ மங்கலாத் தெரியும். முப்பது வருஷக் கை. கண்ணளவுலயும் கையளவுலயும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"வெளியே சொல்லியிருக்கலாமே?"

"சமையக்காரனுக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா எவன் கடைக்கு வருவான்? தப்பாப் போனா யாராவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் சொல்லல. சரி, கை தப்பலன்னு இருந்துட்டேன். ரெண்டாந்தரம் சால்னா கேக்கிற ஆள் கொறைஞ்சுதான் போச்சு. வெலவாசி ஏறிப்போச்சுல்லா, அதான்னு நெனச்சேன்."

சால்னாவுக்கு அவர் காசு வாங்குவதில்லை. அது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாங்கள் எல்லாரும் அவரிடம் பிரியமாகத்தான் இருந்தோம். அந்தப் பிரியம்தான் அவருக்குக் கெடுதல் செய்தது. விரோதி ஒருவன் இருந்திருந்தால் முதல் மாதமே "என்னவே சால்னா இது?" என்று இலையைத் தள்ளிவிட்டுப் போயிருப்பான், அவர் மனைவியையோ மகனையோ கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லியிருப்பார். இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், கெடுக்க ஆள் இல்லாமலே கெட்டுப் போவான் என்று வள்ளுவர் சொல்லி வைத்திருக்கிறார். 1886-ல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி. யு. போப் இந்தச் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். கண்டிப்புக்குப் பேர்போனவர். அப்படிப்பட்டவர் வாழ்ந்த ஊரில் இத்தனை பேர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டே இருந்துவிட்டோம்.

பத்திரிகை விமரிசனமும் இப்போது இப்படித்தான் நடக்கிறது. 'நல்ல முயற்சி', 'கவனிக்கத்தக்க படைப்பு' என்று எழுதுகிறோம். நாமும் நாளைக்கு ஒரு புத்தகம் போடப்போகிறோம் அல்லவா? உண்மையான விமரிசனம் வேறு இடத்தில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஆறு சாப்பிட்டவன் இரண்டோடு எழுந்து போவதுதான் அது. வாசகனும் அப்படித்தான் போகிறான். கடிதம் எழுதி நம்மைத் திட்டுவதில்லை. அடுத்த புத்தகத்தை வாங்காமல் இருந்துவிடுகிறான். காகித விலை ஏறிவிட்டது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அன்று இரவு என் மனைவியிடம் கேட்டேன். "என் கடைசி நாவல் எப்படி இருந்தது? நிஜத்தைச் சொல்லு."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். "கோவப்படக்கூடாது. கடைசி ரெண்டு புத்தகத்துலயும் எல்லா ஆளும் உங்களை மாதிரியே பேசுதாங்க. பால்காரன்கூட" என்றாள்.

"ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே."

அரை மணி நேரம் அவளோடு பேசவில்லை. பிறகு அந்த நாவலை எடுத்துப் புரட்டினேன். பால்காரன் பேசுகிற இடம் 47-ம் பக்கம். அவள் சொன்னது சரி. நானும் முப்பது வருஷக் கை என்று கையளவில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை உலகப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம். நம் சால்னாவுக்கும் ஒரு நாள் அந்த மரியாதை கிடைக்கட்டும். ஆனால் பட்டியல் ஒரு சட்டியில் உப்பைச் சரிபார்க்காது. கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, "கொறச்சல்" என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

இப்போது அந்தக் கடையில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார். வீட்டில் மசாலா அரைத்துக் கொடுப்பதோடு நின்றிருந்த கடைக்காரரின் மனைவி சாயந்திரம் ஐந்து மணிக்கு வருகிறார். ருசி பார்த்து ஒரே வார்த்தை சொல்கிறார்: "உப்பு", அல்லது "சோம்பு போதும்", அல்லது "எறக்கிருங்க". தூத்துக்குடிக் கிளை தள்ளிப் போயிருக்கிறது. நகை வீட்டிலேயே இருக்கிறது. மகன் என்னோடு பேசுவதில்லை. அவன் கோபத்தில் நியாயம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இன்று கிளை திறந்திருப்பான்.

கண்ணாடிச் சட்டத்தை எடுத்துவிடச் சொன்னேன். கடைக்காரர் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும் தம்பி. அதுல எழுதின மாதிரி வருதான்னு பார்க்க எனக்கு ஒரு அளவு வேணும்லா" என்றார்.

ஆகவே, இந்தக் கடையைப் பற்றிய என் இன்றைய அபிப்பிராயம் இது: புரோட்டா எப்போதும்போல முதல்தரம். சால்னா முக்கால் தூரம் திரும்பி வந்துவிட்டது. ஏழு மணிக்கு மேல் போவது நல்லது. பழைய நாளில் என் கணக்கு ஐந்து. சென்ற சனிக்கிழமை நாலு சாப்பிட்டேன். கடைக்காரர் என் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்: "அண்ணாச்சி, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."