ஒட்டின் நளினம்

மேலே தக்காளி சிவந்து தொங்க, அடியில் மண்ணைக் கிளறினால் உருளைக்கிழங்கும் உருண்டு வருகிற ஒரு செடியைக் காண்பவர், ஒரு தொட்டியில் இரண்டு கறிகாய் என்று லாபக் கணக்குப் பார்ப்பது இயல்பே. ஆனால் ரசிகனின் பார்வை, மண்ணுக்குச் சில விரற்கடை மேலே இரு தண்டுகளும் கூடிய தழும்பில்தான் போய் நிற்கும்.

வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்து காட்டிய இந்த ஒட்டு வித்தை, ஹைதராபாத்தின் மாடித் தோட்டக்காரர்களுக்கும் எட்டாததன்று. தக்காளியும் உருளையும் கத்திரியின் குடும்பத்தைச் சேர்ந்த பந்துக்களாதலால், ஒன்றின் சாற்றை மற்றது அந்நியமென்று தள்ளுவதில்லை. இரவு குளிராவிட்டால் கிழங்கு திரளாது. ஆகவே தக்காணப் பீடபூமியின் கார்த்திகை, மார்கழிக் குளிரே இதற்கு உகந்த பருவம் என்பதையும், அப்பருவத்திலும் வெப்பம் தாங்கும் குஃப்ரி சூர்யா ரகத்தை வேர்ச்செடியாகக் கொள்வதே விவேகம் என்பதையும் அறிந்தவர் அறிவர்.

சம பருமனுள்ள இரு இளந்தண்டுகளைத் தேர்ந்து, உருளைத் தண்டின் தலையை நறுக்கி நடுவே பிளந்து, தக்காளிக் குருத்தின் அடியை இருபுறமும் ஆப்பாகச் சீவிச் செருகி, கிளிப் மாட்டுவதே காரியம். புதிய பிளேடின் ஒரே இழுப்பில் அமைய வேண்டும் அந்தச் சீவல். தயங்கி மறுபடி தீட்டினால் தோல் நசுங்கிப் பசை காய்ந்துவிடும். நிழலில், ஈரம் குன்றாத மூட்டத்தினுள் ஒரு வாரம் கிடக்கும் துவண்ட குருத்து, ஒரு நாள் காலையில் நிமிர்ந்து நிற்பதைக் காண்பது தனி ஆனந்தம். அதன்பின்னும் சாவதானம் வேண்டும். கிழங்கு பச்சையாகாதிருக்க மண் அணைத்தாக வேண்டும்; அணைத்த மண் ஒட்டைத் தீண்டினாலோ, தக்காளி சொந்தமாக வேர்விட்டு, இரவல் வேரின் தயவை மறந்துவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் உருளைத் தளிரையும் அவ்வப்போது கிள்ளியெறிய வேண்டும். இலை சமைக்கும் போஷாக்கைப் பழமும் கிழங்கும் பங்கிட்டுக்கொள்வதால், தனிச்செடியின் நிறைவிளைச்சலை இரண்டிலும் எதிர்பார்ப்பது பேராசை.

1978-இல் ஜெர்மனியில் கியோர்க் மெல்கெர்ஸ் என்னும் விஞ்ஞானி இவ்விரண்டின் ஜீவ அணுக்களையே ஒன்றாகக் கலந்து புதுச்செடியொன்றை உண்டாக்கினார்; செடி பிறந்ததே தவிர, உண்ணத்தக்க பழமும் கிழங்கும் வாய்க்கவில்லை. ஒட்டிலோ ஸ்வபாவங்கள் கலப்பதில்லை. அப்பழத்தின் விதை தக்காளியாகவே முளைக்கும். அக்கிழங்கின் கண் உருளையாகவே துளிர்க்கும். ஆதலால் இவ்வித்தையை விதையாகச் சேமித்து வைக்க முடியாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பிளேடு பிடித்த கையின் லாகவமே அதைப் புதிதாகப் பிறப்பித்தாக வேண்டும்.