குணசாலியும் பராக்கிரமசாலியும்

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் வளர்ந்த எந்தப் பெண்ணும் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்திலிருந்து தப்பியிருக்க முடியாது. கல்யாணப் பிரசங்கம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், அடக்க ஆராதனை என்று எங்கே போனாலும் அந்தக் 'குணசாலியான ஸ்திரீ' வந்து நிற்பாள். உயிரோடு இருக்கும்போது அவளைப்போல் இரு என்பார்கள். செத்த பிறகு அவளைப்போல் இருந்தாள் என்பார்கள். சபைக்கு வெளியே பிறந்த நான் அவளை நெருங்கிப் பார்த்தது சனிக்கிழமை மாலை வகுப்புகளில்தான்.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேகரம், தன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இலவச ட்யூஷன் நடத்துகிறது. மதம் பார்ப்பதில்லை. முதலில் பாடம், பிறகு சுண்டலும் டீயும், கடைசி முக்கால் மணி நேரம் 'வாழ்க்கைப் பாடம்'. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நான்கு வருடமாகப் போய்வருகிறேன். பீடி சுற்றும் வீடுகளில் ஒரு பெண்பிள்ளைக்குத் தனியாக வெளிச்சமும் மேசையும் இரண்டு மணி நேரம் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. என் விமர்சனம் அந்த இரண்டு மணி நேரத்தின் மேல் அல்ல, அதற்குப் பிறகு வரும் முக்கால் மணி நேரத்தின் மேல்.

அந்த நேரத்தில் பையன்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் பிரித்துவிடுவார்கள். பையன்களுக்குக் கிதியோன், தாவீது. பெண்களுக்கு ஐயரம்மா நடத்தும் 'குணசாலி'. வருடக் கடைசியில் ஒரு பரிசளிப்பு விழா. போன வருடம் 'குணசாலி' சான்றிதழ் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் போனது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மூன்று மாதம் ட்யூஷன் பக்கமே வராமல், மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றி, தம்பிகளுக்குப் பொங்கிப்போட்டவள். பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. கூடத்தில் பெரிய கைதட்டல். 'பராக்கிரமசாலி' கோப்பை ஒருநாளும் வகுப்பைத் தவறவிடாத பையனுக்கு. அவளுக்கு வராததற்குப் பரிசு, அவனுக்கு வந்ததற்கு. அவள் படிப்பில் விழுந்த ஓட்டையை யார் அடைப்பது என்று அந்த மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது அல்லவா?

இந்த இரண்டு பட்டங்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனேன். எனக்கு எபிரேயம் தெரியாது. எபிரேய அகராதியும், இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தும் தோழி ஒருத்தியும் உதவினார்கள். நீதிமொழிகளில் இந்தப் பெண்ணைக் குறிக்கும் மூலச்சொல் 'ஹயில்'. வலிமை, வீரம், படை, செல்வம் என்றெல்லாம் பொருள் தரும் சொல் அது. கிதியோனைத் தேவதூதன் அழைக்கும்போதும் அதே சொல்தான். அங்கே தமிழ் வேதாகமம் 'பராக்கிரமசாலி' என்கிறது. ரூத்தின் கதையில் போவாஸை அறிமுகப்படுத்தும் இடத்திலும் அதே சொல். அங்கே அவன் 'ஆஸ்திக்காரன்' ஆகிறான். அடுத்த அதிகாரத்தில் அதே போவாஸ் ரூத்தைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லும்போது அவள் 'குணசாலி' ஆகிவிடுகிறாள். 31-ஆம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில், பெண்களிடம் உன் ஹயிலைக் கொடுத்துவிடாதே என்று தாய் மகனுக்குச் சொல்கிறாள். அங்கே அது 'பெலன்'. ஏழு வசனம் தள்ளிப் பெண்ணுக்கு வரும்போது குணம். ஆணிடம் பராக்கிரமமாகவும் ஆஸ்தியாகவும் பெலனாகவும் இருந்த ஒன்று, பெண்ணிடம் வந்ததும் நடத்தைச் சான்றிதழாகச் சுருங்கிவிடுகிறது.

கதைகளையும் கொஞ்சம் பாருங்கள். கிதியோன் அந்தப் பட்டத்தை வாங்கும் நேரத்தில் மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குள் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருக்கிறான். போர் இன்னும் தொடங்கவே இல்லை. ரூத் அந்தப் பட்டத்தை வாங்குவது, ராத்திரியில் தனியாகக் களத்துமேட்டுக்குப் போய், தூங்கும் ஆணின் காலடியில் படுத்து, என்னைச் சேர்த்துக்கொள் என்று தானே கேட்ட பிறகு. எங்கள் வகுப்பில் பெண்களுக்கு முதல் விதி, ஆறு மணிக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது.

மொழிபெயர்த்தவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆங்கிலத்தின் 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலும் இதே பிளவு உண்டு. தமிழில் ரூத்தை மொழிபெயர்த்ததோடு சீகன்பால்குவின் பணி நின்றது. 1719-இல் அவர் இறந்துபோனார். சபைகளில் இன்று புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் முடிந்த திருத்தத்தின் வழியில் வருவது. அத்தனை காலத்துக்கும் முன்பே தமிழில் பிரிவினை தயாராக இருந்தது. பெருமையையும் வலிமையையும் ஆணுக்கும், அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தது தொல்காப்பியம். பல்கலைக்கழகத்தில் அதை நான் மதிப்பெண்ணுக்குப் படித்தேன், இப்போது சம்பளத்துக்கு நடத்துகிறேன். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திறமை' என்று மாற்றியது நல்ல நகர்வு. ஆனால் 'ஸ்திரீ' இருந்த இடத்தில் அது 'மனையாள்' என்று வைத்துவிட்டது. கல்யாணம் ஆகாத பதினாறு வயதுக்காரி அங்கே எங்கே நிற்பாள்?

ஒருநாள் தமிழ்ப் பாட நேரத்திலேயே அந்தப் பகுதியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அந்தப் பெண் செய்யும் வேலைகளை மட்டும் எழுதச் சொன்னேன். மூலத்தில் அது 22 எபிரேய எழுத்துக்கும் வரிசையாக 22 வசனம் கொண்டது என்றதும், ஆத்திசூடி மாதிரியா மிஸ் என்றார்கள். பட்டியல் நீண்டது. கம்பளி தேடுகிறாள், நூல் நூற்கிறாள், நிலம் பார்த்து வாங்குகிறாள், சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள், ஏழைக்குக் கை நீட்டுகிறாள். சமையல் இல்லையே என்று ஒரு பையன் ஆச்சரியப்பட்டான். எழுந்து சாப்பாடு கொடுக்கிறாள் என்று ஒருத்தி திருத்தினாள். இன்னொருத்தி கேட்டாள்: "நிலத்துக்குப் பட்டா யார் பேர்ல மிஸ்?"

பிரதியில் அதற்குப் பதில் இல்லை. கேட்டவள் வீட்டில் கம்பெனிப் பாஸ்புக் அம்மா பேரில் இருக்கிறது, சுற்றுவது இவள். அவள் கேட்டது வேதாகமக் கேள்வி மட்டுமல்ல.

இந்தப் பகுதியின் சபை வரலாற்றிலும் வேறொரு வாசிப்பு கிடக்கிறது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட்டும் இடையன்குடியில் அவர் மகள் எலைசா கால்டுவெல்லும் பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார்கள். படிப்பும் கைக்காசும் சேர்ந்தே வந்தன. அந்தக் கைக்காசு இன்று பிரசங்கத்திலிருந்து எப்படியோ காணாமல் போய்விட்டது.

இதையெல்லாம் ஐயரம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "குணம்னா கெட்ட வார்த்தையா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. அவரே முப்பது வருடம் பள்ளியில் வேலை பார்த்துச் சொந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். கெட்ட வார்த்தை இல்லை அம்மா, அதைப் பையன்களுக்கும் கொடுங்கள், அவர்களுடையதில் பாதியை இவர்களுக்குக் கொடுங்கள் என்றேன். சேகரக் கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்றார். சான்றிதழின் பெயர் மாறவில்லை; ஏற்கெனவே அச்சடித்தது நிறைய மீதி இருக்கிறதாம். ஆனால் அந்தப் பெண் தேர்வு எழுதும்வரை தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் கணக்குப் படித்தாள். அந்த நேரத்தில் அவள் வீட்டுப் பீடிக்கு இலை வெட்டிக் கொடுத்தது, கோப்பை வாங்கிய பையன்.