காய்ச்சிய நீர் உணர்த்திய பொருள்

மக்களோடு பழகி, அவர்தம் வழக்காறுகளை அவர் நோக்கிலேயே அறிந்தெழுதும் இனவரைவியல் முறை, பயன் கருதிய தொடர்பியல் ஆய்வுக்கு எத்துணை உதவும் என்பதற்கு எட்வர்டு வெல்லினின் கட்டுரையொன்று தக்க சான்றாகும். பெஞ்சமின் பால் பதிப்பித்த ‘உடல்நலம், பண்பாடு, சமுதாயம்’ என்னும் ஆங்கிலத் தொகுதியில் 1955-இல் அது வெளிவந்தது.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் லோஸ் மோலினோஸ் என்பது ஏறத்தாழ 200 குடும்பங்கள் வாழ்ந்த ஊர். அங்கு வாய்க்கால், ஊற்று, கிணறு ஆகிய மூன்றன் நீரும் மாசுற்றிருந்தது. நீரைக் காய்ச்சிப் பருகுமாறு சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் ஈராண்டுக் காலம் வீடுதோறும் சென்று வலியுறுத்தினார். புதிதாக இசைந்த இல்லத்தரசியர் 11 பேரே.

எண்ணிக்கையை மட்டும் நோக்குவார் இதனை ‘அறியாமை’ என ஒரு சொல்லால் முடித்துவிடுவர். வெல்லின் அவ்வாறு முடித்திலர். அவ்வூரார் உண்பன பருகுவனவற்றைச் சூடு, குளிர்ச்சி எனப் பகுப்பர். காய்ச்சிய நீர் நோயுற்றார்க்கே உரியது என்பது அவர் துணிபு. (நம்மிடத்தும் சூடு, குளிர்ச்சி என்னும் பாகுபாடு உண்டு, பெயரொப்புமை ஒன்றே பற்றி இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தகாது.)

நோய்வாய்ப்பட்ட பெண்ணொருத்தி பணிப்பெண் வருமுன்னரே நீரைக் காய்ச்சி வந்தாள். மலைப்பகுதியினின்று குடியேறிய மற்றொருத்தி இசைந்தாள். ஊராரால் அயலாளாகவே கருதப்பட்டமையின், அவர்தம் வழக்கை மீறுதலால் அவள் இழப்பது ஏதுமில்லை. மூன்றாமவளோ, மனிதரே மூழ்கி இறக்கும் நீரில் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்கள் பிழைத்திருத்தல் எங்ஙனம் என வினவினாள். இவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. தான் கண்டறிந்தவற்றையே அளவையாகக் கொண்டு அவள் வினவினாள்.

1962-இல் முதற்பதிப்பு வெளிவந்த ‘புதுமைகளின் பரவல்’ என்னும் நூலின் ஆசிரியர் எவரெட் ரோஜர்ஸ் இந்நிகழ்வை எடுத்தாண்டார். ஊரில் செல்வாக்குடையோரை விடுத்து, நோயாளியையும் அயலாளையும் பணிப்பெண் நாடியதைத் தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறினார். இது பொருந்துவதே, ஆயினும் அறிவுறுத்துவார் நிலையில் நின்று கண்ட விடை. வெல்லின் தரும் சான்றுகளோ இதனினும் ஆழ்ந்து செல்கின்றன. அடுப்பிலேற்றிய நீரே ஆண்டு ஒரு செய்தி. ‘இவ்வீட்டில் நோயாளி உளர்’ என்பது அதன் பொருள். செல்வாக்குடையாள் ஒருத்தி முன்வந்திருப்பினும், அவள் சொல் அப்பொருளோடு முரணியே நின்றிருக்கும்.

சில நாள் நேர்காணல்களுக்கே இனவரைவியல் எனப் பெயரிடும் வழக்கம் இன்று பெருகிவருகின்றது. ‘ஏன் காய்ச்சுவதில்லை?’ என்னும் வினாப்படிவத்தோடு மட்டும் செல்வார்க்கு ‘நேரமில்லை’ என்ற விடை எளிதிற் கிட்டும். யார், எப்பொழுது, யார்பொருட்டுக் காய்ச்சுகின்றனர் என்று உடனிருந்து நோக்குவார்க்கே நோயாளியின் குவளை கண்ணிற்படும்.