கணக்குப் போடும் படிவம்

புதுச்சேரியின் உழவர்கரையில் ஜூன் மாதம் பிறந்தால் பிரவுசிங் சென்டர்களில் நாற்காலி கிடைக்காது. பிளஸ் டூ முடித்த பிள்ளை பக்கத்தில் அம்மாவோ மாமாவோ உட்கார்ந்திருப்பார்கள்; மடியில் சான்றிதழ் ஃபைல். கடைக்காரர் கேட்கக் கேட்கப் பிள்ளை சொல்லும். கதிர்காமத்திலேயே இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் அந்த வாசலுக்குப் போகும் வழி புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் விண்ணப்பத்தின் ஊடாகத்தான் செல்கிறது.

இத்தகைய விண்ணப்பம் வெறும் கேள்வித்தாள் அல்ல. முன்பக்கத்தில் நாம் எழுதியதை வைத்துப் பின்பக்கத்தில் அது தானே ஒன்றைக் கணக்கிடுகிறது. இருப்பிடச் சான்றிதழிலிருந்து பிராந்தியம், சாதிச் சான்றிதழிலிருந்து ஒதுக்கீடு, மதிப்பெண்ணிலிருந்து தரவரிசை, இவை எல்லாம் கூடி இடம். ஒன்று நகர்ந்தால் அடுத்தடுத்தவை எல்லாம் நகர வேண்டும்.

இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். காரணம் புதுச்சேரியின் அமைப்பே. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேயில் கேரளம், யானாமில் ஆந்திரம் என்றுதான் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் நடந்தன, சி.பி.எஸ்.இ.க்கு மாறியது அண்மையில். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துப் பையனுக்குக் கணிதம் 200க்கு இருந்து, 2019 பிளஸ் டூ தேர்விலிருந்து 100க்கு ஆனது. யானாம் மாணவிக்கோ அதே கணிதம் தாளுக்கு 75 வீதம், இரண்டு ஆண்டுகளில் நான்கு தாள்களாக இருந்தது. இப்படி வேறுவேறு முறையில் மதிப்பெண் பெற்றவர்களை ஒரே வரிசையில் நிறுத்த ஒரு பொதுக் கணக்கு வேண்டும். அதை ஒரு குமாஸ்தா கையால் போடுவதைவிட, எல்லாருக்கும் ஒரே சூத்திரத்தில் இயந்திரம் போடுவது நியாயம். சிபாரிசுக் கடிதம் சூத்திரத்துக்குள் நுழையாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஒரு படிவத்தில் இயற்பியல் மதிப்பெண்ணை 87க்குப் பதில் 78 என்று அடித்துவிட்டாள். மூன்று பக்கம் தாண்டித்தான் கண்ணில் பட்டது. திரும்பிப் போய்த் திருத்தினாள். கடைசிப் பக்கத்தில் இருந்த கூட்டுத்தொகை பழையதாகவே நின்றது. எது உண்மை என்று கேட்க அந்தத் திரையில் யாரும் இல்லை. அன்று இரவு அவள் தூங்கவில்லை.

கணினி உலகுக்கு இது பழைய நோய். டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கி 1979இல் வெளிவந்த விசிகால்க் என்ற விரிதாள், கட்டங்களை வரிசை வரிசையாகவோ பத்தி பத்தியாகவோதான் மறுகணக்குப் போட்டது. முன்னால் உள்ள கட்டம் பின்னால் உள்ளதை நம்பியிருந்தால், முதல் சுற்றில் விடை தப்பும். மறுபடியும் கணக்கிடச் சொல்ல வேண்டும். பின்வந்த விரிதாள்கள் எந்தக் கட்டம் எதை நம்பியிருக்கிறது என்று பார்த்து, அந்த ஒழுங்கில் கணக்கிடக் கற்றுக்கொண்டன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மாணவியின் படிவம் அந்த முதல் சுற்றிலேயே நிற்பதை மன்னிக்க முடியவில்லை.

அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் கணக்கு எல்லாருக்கும் தெரியும்: கணிதம் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி, மொத்தம் 200. ரிசல்ட் வந்த அன்றே பிள்ளைகள் நோட்டுப் பின்னட்டையில் போட்டுவிடுவார்கள். சமநிலை வந்தால் கடைசியில் ரேண்டம் எண் என்பதுகூடத் தெரியும். தெரிந்ததால் நம்புகிறார்கள். ஆனால் 'ஆம், இல்லை' என்று வரும் கணக்குகளை யாராலும் நோட்டில் போட முடிவதில்லை. 2020இல் தமிழ்நாடு மருத்துவப் படிப்பில் கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுச்சேரியிலும் 2023இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம் வந்தது. ஒரே ஒரு வகுப்புக்குப் பள்ளியின் வகையைத் தவறாகச் சொன்னாலும், விடை 'தகுதி இல்லை' என்று மாறிவிடும். அரசு உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்றே ஊரில் சொல்வார்கள். அந்த வழக்குச்சொல் படிவத்துக்குத் தெரியாது. 'எட்டாம் வகுப்பில் நீ தேர்ந்தெடுத்த பள்ளி வகையால்தான் இந்த விடை' என்று ஒரு வரி காட்டினால் போதும். தாயும் மகளும் அங்கேயே திருத்திக்கொள்வார்கள்.

சான்றிதழுக்குக் காத்திருக்கும் படியைப் பற்றி ஒன்று மட்டும். தாலுகா அலுவலகத்திலிருந்து சாதிச் சான்றிதழ் வரும்வரை அடுத்த பக்கமே திறக்காது என்று பூட்டுவது, படிவத்தை உருவாக்குபவருக்கு எளிது. 'நிலுவை' என்று குறித்துக்கொண்டு மற்றதை நிரப்பவிட்டு, சான்றிதழ் ஏறியதும் அதை நம்பிய கணக்குகளை மட்டும் புதுப்பிப்பது கடினம். ஆனால் கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருக்கும் அப்பாவுக்கு அந்தக் கடினம்தான் உதவும்.

ரெட்டியார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், சப்மிட் பட்டனைத் தொடுமுன் அச்செடுத்த தாளைப் பிள்ளையிடம் நீட்டுவார். பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டல் போட்டிருப்பார், எந்த எண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அம்புக்குறியோடு. "நீயே ஒருவாட்டி போட்டுப் பாரும்மா" என்பார். கியூ நீண்டிருந்தாலும் அவள் போட்டு முடிக்கும்வரை காத்திருப்பார்.