மழைக்குக் காப்பீடு இருக்கிறது, நடவு ஆளுக்கு?

முஷ்ஃபிக் முபாரக், மார்க் ரோசன்ஸ்வைக் இருவரும் 2013, 2014-ல் எழுதிய மழைக் காப்பீட்டு ஆய்வுகளை மறுபடி எடுத்துப் படித்தேன். தமிழ்நாடு, ஆந்திரா, உத்தரப் பிரதேச கிராமங்களில் செய்தது. பருவமழை இத்தனை நாள் பிந்தினால் இவ்வளவு பணம் என்கிற எளிய காப்பீடு. விளைச்சலை யாரும் அளக்க வேண்டாம், மழைமானி சொன்னால் போதும்.

முதல் முடிவு பலருக்கும் தெரிந்ததுதான். காப்பீடு கிடைத்த தமிழ்நாட்டு நெல் விவசாயிகள், வறட்சி தாங்கும் ரகங்களைக் குறைத்து, அதிகம் விளையும் ரகங்களுக்கு மாறினார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது முடிவு. காப்பீடு எடுத்தவர் துணிந்து பயிர் செய்வதால், மழை நன்றாக இருந்தால் ஆள் நிறையத் தேவை, பொய்த்தால் தேவை சட்டென்று விழும். ஆட்டம் கூலிக்காரர் தலையில் விடிகிறது. அதனால் நிலமில்லாதவருக்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, பயிர்க் காப்பீடு பற்றி எழுதுகிறவர்களில் கூலிக்காரரை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் பயிர் வைத்திருப்பவருக்குத்தான்.

ஆனால் இதை வல்லம் வடகாலில் வைத்துப் படித்தால் இடிக்கிறது. ஆய்வில் கூலியை ஆட்டுவது மழை. இங்கே சிப்காட். ராயல் என்ஃபீல்டு ஆலை 2017-ல் வந்தது. பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் கம்பெனி பஸ் வந்துவிடும். மாதச் சம்பளம் வரும் வீட்டில் நடவுக்கு யார் இறங்குவார்கள்?

இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூணு போகமும் பார்த்தவர். ஏரிப் பாசனம். இப்போது சவுக்கு போட்டுவிட்டார். "மழைக்குப் பயந்தா மாத்தினீங்க?" என்று கேட்டேன். "ஏரியில தண்ணி இருக்குதுப்பா. நாத்து முத்திப் போகுது, நடறதுக்கு ஆள் வரல" என்றார்.

என் குறை இதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர் கணக்கில் இவர் ஆபத்துக்கு அஞ்சி, வருமானம் குறைந்த, தண்ணீர் அதிகம் கேட்காத பயிருக்குப் போனவர். காப்பீடு கொடுத்தால் நெல்லுக்குத் திரும்புவார் என்று அந்தக் கணக்கு சொல்லும். திரும்ப மாட்டார். பயிரைப் பார்த்து பயத்தை ஊகிக்கும்போது எந்தப் பயம் என்று கேட்காமல் விட்டால் வரும் தப்பு இது. நாற்றுக்கு வயதாகும் அந்த ஒரு வாரத்தை எந்த மழைமானியும் அளக்காது.

நடவு இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்கு டிரே நாற்று, சீராகச் சமப்படுத்திய வயல் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர், அடுத்த வருஷம் இந்த நிலம் பிளாட் ஆகுமோ என்னமோ என்று இருக்கும்போது, வயலைச் சமப்படுத்தச் செலவு செய்வாரா? அவரை இந்த ஆய்வுகளில் தேடிப் பார்த்தேன், எனக்குத் தென்படவில்லை.